மச்சான் பிடிக்கும் கயிறு

தாராவி, பம்பாய்
3-3-1946

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பேராச்சி எழுதுவது. நீங்களும் மதினியும் பிள்ளைகளும் தம்பி கணேசபாண்டியனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் மாடத்தியும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத இன்று மனம் ஒப்பவில்லை.

எங்கள் கூலி மேஸ்திரி முகாதம் அடித்த தந்தி கிடைத்திருக்கும். சொர்ணம்மாள் சித்தியின் பிள்ளைகள் மாசானமும் இசக்கிமுத்துவும் இறந்தார்கள் என்று மட்டும்தான் அதில் இருக்கும். எப்படி இறந்தார்கள் என்று நான் எழுதுகிறேன். ஊரில் ஆள் பொறுக்கி இந்த முகாதத்திடம் அனுப்பி வைப்பவர் நீங்கள். உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சயான் பக்கத்தில் நம் ஆட்கள் புதுச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள் அல்லவா, அதைப் பழைய கட்டரோடு, அதாவது பழைய பாதாளச் சாக்கடையோடு, இணைப்பதற்காகப் பழைய குழியின் இரும்பு மூடியைத் திறந்தார்கள். திறந்ததும் இறங்கக் கூடாது. மூடியை வெகுநேரம் திறந்து போட்டு, அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்தால் உள்ளே விஷக் காற்று இருக்கிறது என்று அர்த்தம். இது முகாதத்துக்கும் தெரியும். "ரேசன் மண்ணெண்ணெய கட்டர்ல கொண்டு ஊத்தவால? எறங்கு, ஜல்தி" என்றானாம்.

மாசானம் இறங்கினான். பாதி ஏணியில் கை நழுவி விழுந்தான். ஒரு சத்தமும் இல்லையாம். மேலே கயிறு பிடித்திருந்தவன் அவன் அண்ணன் இசக்கி. "ஏல தம்பி" என்று ஒரு தடவை கூப்பிட்டான், கயிற்றைப் போட்டுவிட்டுக் குதித்துவிட்டான். அவனும் எழுந்திருக்கவில்லை. அடுத்ததாக உங்கள் மாப்பிள்ளை வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு குழிக்கு ஓடினார்.

அந்த நேரம் பார்த்துத் தோல் ஷாப்புக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் அப்துல் வாஹித். நம் ஊர்ப் பக்கத்துப் பேட்டைக்காரன்தான். வண்டியிலிருந்து குதித்து, உங்கள் மாப்பிள்ளையின் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டான். "ஓய், உள்ள ரெண்டு கெடக்கு. மூணாவதா நீரு போயி என்னத்தத் தூக்கப் போறீரு?" என்று கேட்டானாம். இவர் அவன் கையைக் கடித்துக் குதறியிருக்கிறார். அவன் விடவில்லை. அதனால்தான் நான் இன்று தாலியோடு இருக்கிறேன்.

அண்ணா, இனிமேல் ஒரே வீட்டு ஆட்களை ஒரே குழியில் வேலைக்குப் போடக் கூடாது என்று முகாதத்துக்கு எழுதுங்கள். உங்கள் பேச்சை அவன் கேட்பான். சித்தி வீட்டுக்கு நீங்களே போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பேராச்சி


ஆவுடையாள்குளம்
24-3-1946

சௌபாக்கியவதி தங்கை பேராச்சிக்கு அண்ணன் பிரம்மநாயகம் ஆசீர்வாதம் செய்து எழுதியது. இங்கு எல்லோரும் க்ஷேமம். மாப்பிள்ளை பூதத்தானும் குழந்தை மாடத்தியும் க்ஷேமமாயிருக்க நம் சுடலை காப்பாற்றுவான்.

உன் கடிதம் பார்த்து மனம் மிக வேதனைப்பட்டேன். விதி முடிந்தால் வீட்டுத் திண்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் முடியும். புது வேலை ஆரம்பிக்கும்போது காவல் தெய்வத்துக்கு ஒரு சேவல் அறுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இனி அதைச் செய்யச் சொல்லி முகாதத்துக்கு எழுதியிருக்கிறேன்.

நீ சொந்தக்காரன் வேண்டாம் என்கிறாய். நாம் கிணறு வெட்டுகிற ஊரில் பிறந்தவர்கள் என்பதை மறந்துவிட்டாய். கிணற்றில் இறங்குகிறவனுக்கு யார் கயிறு பிடிப்பது? மச்சான். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது, விடமாட்டான் என்றுதானே நம் முன்னோர்கள் அப்படி வைத்தார்கள். மாசானத்துக்குக் கூடப்பிறந்தவன் பிடித்தான், பாசம் கண்ணை மறைத்துவிட்டது. மச்சான் பிடித்திருந்தால் நிதானம் இருந்திருக்கும். எனக்கு வயதாகிவிட்டது. தம்பி கணேசபாண்டியனை ஆடிக்குப் பிறகு அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு அவன் கயிறு பிடிக்கட்டும். எனக்கும் நிம்மதி.

சொர்ணம்மாள் சித்திக்குச் செய்தி சொல்லியாயிற்று. அழுதாள். தேறிவிடுவாள்.

இப்படிக்கு,
பிரம்மநாயகம்


தாராவி
9-4-1946

அண்ணனுக்குப் பேராச்சி வணக்கம். எல்லோரும் சுகம்தானே? இங்கே வெயில்தான் அதிகம், வேறு குறை இல்லை. இருக்கிற குறையைக் கீழே எழுதுகிறேன்.

இசக்கிக்கு அடுத்துக் குழிக்குள் குதிக்க ஓடியவர் யார் அண்ணா? உங்கள் மாப்பிள்ளை. அவர் இசக்கிக்கு என்ன முறை? மச்சான்தானே! உங்கள் நிதானமான மச்சானின் நெஞ்சில் ஒருவன் ஏறி உட்கார்ந்துதான் நிறுத்த வேண்டியிருந்தது.

கிணறு வேறு, கட்டர் வேறு. கிணற்றில் விழுந்தவன் கத்துவான், தண்ணீரில் அடிப்பான். மேலே நிற்பவன் கயிற்றை இறுக்கிப் பிடிப்பான். கட்டரில் விழுந்தவன் கத்தமாட்டான். கூப்பிட்டால் பதில் வராது. பதில் வராதபோது சொந்தக்காரன் கை கயிற்றில் இருக்காது, கால் ஏணியில் இருக்கும். நம் முன்னோர்கள் பம்பாய்க் கட்டரைப் பார்த்தார்களா? அவர்களை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

மேலே நிற்பவன், விழுந்தவனுக்காக அழாதவனாக இருக்க வேண்டும். எங்கள் கும்பலில் இப்போது வாஹித்தான் கயிறு பிடிக்கிறான். தோல் ஷாப்பில் வேலை மந்தம், நான் போய்க் கேட்டேன், வந்தான். விளக்கு அணைந்தால் யாரையும் இறங்க விடுவதில்லை. "நீ முகாதமா, நான் முகாதமா?" என்று தினமும் சண்டை. "நீரு முகாதம், நான் கயிறு" என்கிறான். உங்கள் மாப்பிள்ளைக்குக் கடித்த கடியின் வெட்கம் இன்னும் போகவில்லை, அவனுக்குப் பீடி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். நானும் மத்தியானக் கஞ்சியை வீட்டில் வைக்காமல் குழிக்கே கொண்டுபோகிறேன். எல்லோரும் மேலே ஏறி உட்கார்ந்து குடிப்பதைப் பார்த்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடுகிறது.

தம்பியை அனுப்ப வேண்டாம். இன்னொன்று. சித்திக்குச் செய்தி சொல்லியாயிற்று என்று எழுதினீர்கள். என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லையே.

பேராச்சி


ஆவுடையாள்குளம்
2-6-1946

சௌபாக்கியவதி தங்கை பேராச்சிக்கு அண்ணன் ஆசீர்வாதம். க்ஷேமம். வேலை நெருக்கடியால் உடனே பதில் எழுத முடியவில்லை. மதினிக்கு இடுப்புவலி. கோவில் கொடை நன்றாக நடந்தது. உன் பெயருக்கும் மாப்பிள்ளை பெயருக்கும் விபூதி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன்.

கணேசபாண்டியன் இங்கே சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறான். முகாதம் இன்னும் ஆள் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறான். வேற்று ஆளை நம்பி மாப்பிள்ளை உயிரை விட்டிருக்கிறாய் என்று இங்கே பேச்சு வருகிறது. என் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள்.

குழந்தைக்கு என் முத்தம்.
பிரம்மநாயகம்


தாராவி
5-7-1946

அண்ணனுக்குப் பேராச்சி வணக்கம். விபூதி வந்தது. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பள்ளமெல்லாம் தண்ணீர், வேலை நின்றுவிட்டது. குடிசைக்குள்ளும் தண்ணீர்தான். மாடத்திக்குக் காதில் சீழ் வடிகிறது, இரவெல்லாம் தூங்கவிடாமல் அழுகிறாள். முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் மருந்து விட்டோம்.

தெளிவாக எழுதுகிறேன், மதினியிடமும் வாசித்துக் காட்டுங்கள். கணேசபாண்டியனை அனுப்பாதீர்கள். மழை நின்று மூடியைத் திறக்கும்போதுதான் குழி இன்னும் மோசமாக இருக்கும், மாதக்கணக்கில் உள்ளேயே அடைந்து கிடக்கும் காற்று. அந்த நேரத்தில் அவனை அவர் கயிற்றில் நிறுத்தினால், ஒரே நாளில் புருஷனையும் தம்பியையும் சேர்த்துப் பறிகொடுப்பவள் நான். ஊர்க்காரர்கள் உங்கள் முகத்துக்கு நேரே கேட்டால், என் கடிதத்தை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டுங்கள்.

பேராச்சி


ஆவுடையாள்குளம்
16-8-1946

சௌபாக்கியவதி தங்கை பேராச்சிக்கு ஆசீர்வாதம். தபால்காரர்கள் வேலைநிறுத்தத்தால் ஒரு கடிதமும் வரவில்லை, போகவில்லை. உன்னிடமிருந்து ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் நானே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. கணேசபாண்டியன் நேற்று வண்டி ஏறிவிட்டான். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவன் வந்து சேர்ந்தாலும் சேருவான். நல்ல பையன், உன் சொல் கேட்பான்.

மாடத்திக்குக் காதுச் சீழ் நின்றுவிட்டதா? வேப்பெண்ணெய் விடாதே.

பிரம்மநாயகம்


தாராவி
28-8-1946

அண்ணனுக்கு,

என் ஜூலைக் கடிதம் கிடைக்கவில்லை என்கிறீர்கள். மாடத்தியின் காதுச் சீழை அந்தக் கடிதத்தைத் தவிர வேறு எதிலும் நான் எழுதவில்லை. காற்றில் வந்து யாராவது உங்கள் காதில் சொன்னார்களா? என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தது நீங்கள்தான். அனுபவியுங்கள்.

தம்பி வந்து சேர்ந்தான். தாதர் ஸ்டேஷனில் அவனைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுதேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவினான், தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, இங்க வாந்திபேதி நின்னுட்டா? தண்ணியக் காச்சித்தான் குடிக்கணும்னு அண்ணன் சொல்லிவிட்டாவ."

"என்ன வாந்திபேதிலே?"

"மாசானமும் இசக்கியும் அதுலதான போனாவ?"

அண்ணா, சித்தியிடம் நீங்கள் சொன்ன செய்தி இதுதானா? பெற்றவளிடம் வாந்திபேதி என்று சொன்னீர்களா? உண்மையைச் சொன்னால் எந்த வீட்டிலும் ஆள் கிடைக்கமாட்டான், முகாதத்திடம் உங்கள் வாக்குச் செல்லாது, அதுதானே? குழியில் விழுந்து செத்தவர்களைத் தண்ணீர் குடித்துச் செத்தவர்கள் ஆக்கிவிட்டீர்கள். அதை நம்பித்தான் என் தம்பியும் வண்டி ஏறியிருக்கிறான். என்ன வேலைக்கு வந்திருக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழிக்கு அனுப்பமாட்டேன் என்றும் சொன்னேன். மாட்டுங்காவில் அகிலாண்டம் என்று பாலக்காட்டு மாமி ஒருத்தி ஆபீஸ்காரர்களுக்கு மெஸ் நடத்துகிறாள். அங்கே விறகும் தண்ணீரும் சுமக்கச் சேர்த்துவிட்டிருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று மாடத்தி தலையில் அவன் கையை வைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டேன். யார் விழுந்தாலும், அத்தானே விழுந்தாலும், குழிக்குள் இறங்கமாட்டேன் என்று. அவருக்கு எதிரில்தான் வாங்கினேன். அவரும் "சரியாத்தான் கேக்கா, சொல்லுடே" என்றார்.

சித்தியிடம் போங்கள். வேறு எதையும் இப்போது உங்களிடம் கேட்கவில்லை.

பேராச்சி


தாராவி
9-10-1946

அண்ணனுக்கு,

பதில் இல்லை. சரி. எனக்கு எழுத நேரமில்லாதவர் முகாதத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். "உன் அண்ணன் எழுதிட்டாவ, உன் அத்தானுக்கு நீதான் கயிறு பிடிக்கணுமாம்" என்று அவன் மெஸ் வாசலுக்கே போய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் போய்ச் சண்டை போட்டேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் சொன்னதுக்கு மேல நான் என்னத்தக்கா செய்ய?" என்கிறான். வீட்டில் மூத்தவர் பேச்சைத் தட்டாமல் வளர்த்திருக்கிறீர்கள், பெருமைப்படுங்கள்.

வாஹித் இப்போது இல்லை. இங்கே ஊரெல்லாம் இந்து முஸ்லிம் கலகம், கத்திக்குத்து. அவன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பேண்டி பஜார் பக்கம் தன் ஆட்களோடு போய்விட்டான். இந்தப் பக்கம் வர முடியாது. போகும்போது என்னிடம் சொன்னான்: "எம்மா, கயித்துல வேத்தாள நிறுத்துங்க. அழுவுதவன நிறுத்தாதீங்க." நான் வேற்றாளுக்கு எங்கே போவேன்? கும்பலில் இருப்பவர்கள் எல்லோரும் நீங்கள் அனுப்பிய சொந்தக்காரர்கள்.

இந்த மாதம் மூடிகளைத் திறக்கப்போகிறார்கள். விளக்கு இறக்குவதை வாஹித்தோடு முகாதம் அனுப்பிவைத்துவிட்டான். முகாதத்துக்கு ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. தம்பியை வேறு கும்பலுக்கு மாற்று என்று ஒரே ஒரு வரி. உங்கள் கால் என்று நினைத்து இந்தக் காகிதத்தைத் தொட்டுக் கேட்கிறேன்.

பேராச்சி


தாராவி
21-11-1946

அண்ணனுக்கு,

தந்தி வந்திருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் போய்விட்டார். அதே கட்டர்தான், கொஞ்சம் மேற்கே தள்ளி வேறு குழி. விளக்கு இறக்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்கினார். பழைய வாய்க்கால் திரும்பும் இடத்தில் கயிறு சிக்கும். எல்லோரும் செய்வதுபோல அவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே குனிந்திருக்கிறார். தம்பி இழுத்தபோது கயிறு மட்டும் மேலே வந்தது.

கணேசபாண்டியன் மேலே இருந்தான். அவன் இறங்கவில்லை. உயிரோடு இருக்கிறான்.

எரித்தாயிற்று. மாடத்தி அப்பா எங்கே என்று கேட்கிறாள்.

பேராச்சி


ஆவுடையாள்குளம்
28-11-1946

தங்கை பேராச்சிக்கு அண்ணன் எழுதியது.

உன் தலையில் இப்படி எழுதியிருக்கிறதே என்று நானும் மதினியும் அழாத நேரமில்லை. காலில் வீக்கம், மூன்று நாள் ரயிலில் உட்கார முடியாது. நேரில் வர இயலவில்லை.

ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் ஊருக்கு எழுதிவிட்டார்கள். அத்தான் உள்ளே விழுந்தபோது கணேசபாண்டியன் மேலே நின்று வேடிக்கை பார்த்தான் என்று எழுதியிருக்கிறார்கள். கூடப்பிறந்தவள் புருஷன் சாகும்போது மச்சான் கரையில் நின்றான் என்று இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெயர் வந்ததே இல்லை. இசக்கி வாழ்ந்தாலும் செத்தாலும் ஆண்பிள்ளை. இவன் இனிமேல் இந்த ஊர் மண்ணை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் அவனை அனுப்பியது இதற்கா?

பதினாறாம் நாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். யாராவது பெரியவர்கள் கையால் போர்த்திக்கொள். அவன் கை அதில் படக் கூடாது.

பிரம்மநாயகம்


தாராவி
10-12-1946

அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு அதே பார்சல் உங்களுக்கே திரும்பி வருகிறது.

"சௌபாக்கியவதி" என்ற வார்த்தையைக் கவனமாக விட்டுவிட்டு எழுதியிருந்தீர்கள். அந்த அளவுக்கு யோசிக்கத் தெரிந்தவர், தம்பி நின்று வேடிக்கை பார்த்தானா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காததால் நானே சொல்கிறேன். போன கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. இப்போது வருகிறது.

அவன் நிற்கவில்லை அண்ணா. கயிறு வெறுமனே வந்ததும் "அத்தான்" என்று அலறிக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டான். என் பிள்ளை தலையில் அடித்த சத்தியம் அவனுக்கு அப்போது ஞாபகமே இல்லை. யாருக்கு இருக்கும்? நான் கஞ்சிச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். சட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, அவன் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்துத் தள்ளி, அவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்தேன். வாஹித் உட்கார்ந்த மாதிரியே. என் தம்பி என்னை அடித்தான். "விடுக்கா, அத்தான் சாவுதாவ, விடுக்கா" என்று என் முகத்திலேயே குத்தினான். என் முன்பல் ஒன்று ஆடுகிறது. நான் விடவில்லை. ஓடி வந்த மற்றவர்களைப் பார்த்து, "எவனாவது எறங்குனீயன்னா இவன விட்டுட்டு நானே குதிச்சிருவேன்" என்று கத்தினேன். அதனால்தான் ஒருவனும் இறங்கவில்லை. ஊருக்கு எழுதியவர்கள் இதை எழுதவில்லை போலிருக்கிறது. ஒரு பொம்பிளை பேச்சுக்கு நின்றோம் என்று எழுதினால் அவர்கள் ஆண்பிள்ளைத்தனம் என்னாவது?

அண்ணா, நான் என் புருஷன் சாகும்போது அவரைத் தூக்கப் போனவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத அவர் பேரை அன்றைக்குக் குழியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். பூதத்தான், பூதத்தான் என்று. தொண்டை அடைக்கும்வரை கூப்பிட்டேன். பதில் இல்லை. தம்பி இறங்கியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாரோ என்று நீங்கள் கேட்க வேண்டாம். அதைக் கேட்க நான் இருக்கிறேன். தினமும் கேட்கிறேன்.

கடைசியில் நெருப்பணைக்கும் வண்டிக்காரர்கள் வந்தார்கள். மூக்கில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு ஒருவன் சாவகாசமாக இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாசானத்தையும் இசக்கியையும் எடுத்ததும் அப்படித்தான். அந்தக் குழாய் இந்த ஊரில் இருக்கிறது அண்ணா. பிணத்தை எடுக்க மட்டும்தான் அது வெளியே வருகிறது. உயிரோடு இறங்குகிறவனுக்கு அதைக் கொடுத்தால் என்ன என்று முகாதத்திடம் கேட்டேன். கண்டிராக்டர் சேட்டிடம் கேளு என்றான். சேட் வீட்டு வாசலில் போய் நின்றேன். காவல் நிற்கும் தர்வான் துரத்திவிட்டான். நாளையும் போவேன். என்னோடு இந்தச் சந்துப் பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். மூக்குக் குழாயும் விளக்கும் வராமல் இனி எந்த மூடியைத் திறந்தாலும் அதன் மேல் நாங்கள் உட்காருவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

இப்போது உங்கள் விஷயம். தம்பி சோறு தின்பதில்லை. எனக்கு எழுதியதையே முகாதத்துக்கும் எழுதியிருக்கிறீர்கள், அவன் அதைத் தம்பியிடம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தம்பி குழி இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒருவனை நான் குழியிலிருந்து பிடித்து நிறுத்தினேன், நீங்கள் அவனை ஊரிலிருந்து பிடித்துத் தள்ளுகிறீர்கள். மச்சான் கயிறு, மச்சான் கயிறு என்றீர்களே, அவருக்கு மூத்த மச்சான் நீங்கள். நீங்கள் எங்கே நின்று கயிறு பிடித்தீர்கள்? கால் வீக்கமாம்.

பிறந்த வீட்டுக் கோடி வாங்காதவள் என்று ஊர் என்னைப் பேசட்டும். தங்கச்சி கோடியைத் திருப்பி எறிந்தாள் என்று உங்களையும் பேசட்டும். எனக்கு இனி அதனால் ஒன்றும் குறையாது, உங்களுக்குக் குறையும் என்று எனக்குத் தெரியும். சொர்ணம்மாள் சித்தி வீட்டு முற்றத்தில் போய் நின்று, அவள் பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லுங்கள். இனி ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரை அனுப்பமாட்டேன் என்றும் சொல்லுங்கள். சொன்ன பிறகு கோடியைக் கொண்டு வாருங்கள். நீங்களே கொண்டு வர வேண்டும். அதைத் தம்பி கையால்தான் போர்த்திக்கொள்வேன். அதுவரை பழைய சேலையிலேயே இருப்பேன். நீங்களும் அந்தப் பார்சலைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பூதத்தான் மனைவி
பேராச்சி


ஆவுடையாள்குளம்
20-1-1947

என் தங்கை பேராச்சிக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், தம்பி சாப்பிடுகிறானா?

உன் கடிதத்தையும் பார்சலையும் வைத்துக்கொண்டு பொங்கல் வரை இருந்தேன். மதினி வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். "நீங்க போறீயளா, நான் போயி சொல்லட்டுமா?" என்று கேட்டாள். போனேன்.

சித்தி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தார் இருந்தார்கள். வாந்திபேதி இல்லை சித்தி என்று ஆரம்பித்தேன். மூடி, விளக்கு, மாசானம் விழுந்தது, இசக்கி கயிற்றைப் போட்டுவிட்டுக் குதித்தது, எல்லாம் சொன்னேன். அவர்களை நான்தான் ஒன்றாக அனுப்பினேன், இனி ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரை அனுப்பமாட்டேன் என்றும் சொன்னேன். சித்தி சுளகைத் தூக்கி என் முகத்தில் எறிந்தாள். அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

பிறகு மாப்பிள்ளை போனதையும், நீ தம்பி நெஞ்சில் உட்கார்ந்ததையும் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ, எம் மூத்தவனப் புடிச்சி நிறுத்த அங்க ஒரு ஆளு இல்லியாடே?" என்று கேட்டாள்.

எல்லோரும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மறுபடியும் அதையே கேட்டாள். அன்றைக்கு மட்டுமில்லை, தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறேன். கோடி என் கையில் இருக்கிறது. தம்பியிடம் சொல், அவன்தான் போர்த்த வேண்டும். வேலைக்கு ஆட்கள் யாரையும் கூட்டி வரவில்லை. சித்தி மட்டும் வருகிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பிடித்து நிறுத்தியவளைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

உன் அண்ணன்
பிரம்மநாயகம்